பழுது கற்பிக்கும் பாடம்: பாலிடெக்னிக் கல்லூரிகளில் கணினி வலையமைப்புக் கல்வி

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பை முடித்த மாணவர் ஒருவர் பொறியியல் துறைக்குள் நுழைய உள்ள வழிகளில், குறைந்த காலத்தில் கைத்தொழில் தேர்ச்சியையும் கோட்பாட்டறிவையும் ஒருங்கே தர முற்படுவது பாலிடெக்னிக் பட்டயப் படிப்பாகும். மூன்று ஆண்டுகளும் ஆறு பருவங்களும் கொண்ட இப்படிப்பில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் தேறியவர்களும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர், விரும்பினால், பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மேலே படிக்கலாம். கோவையில் 1939இல் பூ.சா.கோ. பாலிடெக்னிக் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தும், தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனி இயக்ககம் 1957இல் உருவான காலத்திலிருந்தும், ஆலைக்கும் பணிமனைக்கும் தேவையான இடைநிலைத் தொழில்நுட்பரை உருவாக்குவதே இக்கல்லூரிகளின் நோக்கமாக இருந்து வந்துள்ளது. கடைசலும் பற்றவைப்பும் நில அளவையும் கற்பித்த அதே வளாகங்களில், கணினித் துறை வந்த பின்னர், கணினி வலையமைப்பு என்னும் பாடமும் இடம்பெற்றது.

கணினி வலையமைப்பு என்பது, இரண்டோ இரண்டு கோடியோ கணினிகள் தமக்குள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும்படி அவற்றைக் கம்பியாலோ கண்ணாடி இழையாலோ வானலையாலோ இணைக்கும் ஏற்பாடும், அப்பரிமாற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் சேர்ந்த ஒன்றாகும். இந்தப் பாடம் பாலிடெக்னிக்கின் இயல்புக்கு மிகவும் பொருந்தியது. ஏனெனில் கைத்திறனும் கோட்பாடும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாத துறைகளில் இதுவும் ஒன்று. ஆயினும் நடைமுறையில் கோட்பாடு எழுத்துத் தேர்வுக்கும், கைவேலை செய்முறைத் தேர்வுக்கும் எனப் பிரிந்து போவதால், இரண்டிலும் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரும் இணைப்பு அறுந்த ஒரு கணினியின் முன் திகைத்து நிற்க நேர்கிறது. வலையமைப்பு வேலை செய்யும்போது அதன் உள்ளமைப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பழுதுபடும்போதே அதன் ஒவ்வொரு பகுதியும் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆகவே பழுதைக் கண்டறிதலை இறுதிக் கட்டப் பயிற்சியாக ஒதுக்காமல், பாடத்தின் அச்சாகவே கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் நிறுவ முற்படுகிறது.

பழுதிலிருந்து வளர்ந்த துறை

வலையமைப்பு அறிவியலின் வரலாறே இதற்கு முதற்சான்று. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கியது. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட கருத்துகளிலிருந்து வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறைத் தொகுதிக்கு அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மாறியது. நெறிமுறை என்பது, தொடர்பு கொள்ளும் இரு கணினிகள் எந்த வரிசையில், எந்த வடிவில், எந்தப் பொருளில் செய்திகளை அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கை. அந்த மாற்றம் நிகழ்ந்த அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்கத் தரைப்படை ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், தம் வலையமைப்பு விளங்காத வகையில் தடுமாறியதன் காரணத்தைத் தேடும் முயற்சியில் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். ஒரு கணினிக்குச் சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா, வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் இந்நிரலே, இன்றும் ஒவ்வொரு பாலிடெக்னிக் ஆய்வகத்திலும் மாணவர் தட்டச்சு செய்யும் முதல் கட்டளை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு கஜத் தொலைவிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம், நொடிக்கு 32,000 பிட் என்ற அளவிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கம்பியில் எந்தக் குறையும் இல்லை. வழியில் நெரிசல் ஏற்பட்டுச் செய்திகள் தொலைந்தபோது, அனுப்பிய கணினிகள் அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கியதே காரணம். இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வின்படி, கணினி தான் அனுப்பும் அளவைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறது; செய்தி தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு உடனே குறைக்கிறது. பாடநூலில் 'நெரிசல் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் சில பக்கங்களாகச் சுருங்கியிருக்கும் இப்பகுதிக்குப் பின்னால் ஓர் உண்மையான பழுது இருக்கிறது என்பதை மாணவர் அறியும்போது, ஒவ்வொரு விதியும் ஏன் அவ்வாறு அமைந்தது என்ற கேள்வி அவருக்குள் தானாகவே எழும்.

இந்தியாவில் இத்துறை உயர்கல்வி நிறுவனங்களின் வழியாகவே வந்தது. மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, சென்னை அதன் முதல் நகரங்களில் இடம்பெற்றது. இன்று கடலடிக் கேபிள்கள் கரையேறும் இந்திய நகரங்களில் மும்பையும் சென்னையும் முதன்மையானவை. சிங்கப்பூரோடும் அந்தமானோடும் சென்னை கண்ணாடி இழையால் இணைந்துள்ளது. ஆகவே தமிழ்நாட்டு மாணவருக்கு வலையமைப்பு தொலைதூர நாடுகளின் செய்தியாக மட்டும் இல்லாமல், தம் ஊர்க் கரையிலிருந்து தம் தெருவரை வந்து சேரும் கட்டமைப்பாக இருக்கிறது.

அடுக்கு மாதிரியின் உண்மையான பயன்

வலையமைப்புப் பாடத்தைத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திப்பது ஏழு அடுக்கு மாதிரியை. தரப்படுத்தலுக்கான பன்னாட்டு அமைப்பு 1984இல் வெளியிட்ட இம்மாதிரி, தரவுப் பரிமாற்றம் என்னும் பெருவேலையைப் பௌதிக அடுக்கு, தரவு இணைப்பு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, போக்குவரத்து அடுக்கு, அமர்வு அடுக்கு, வழங்கல் அடுக்கு, பயன்பாட்டு அடுக்கு என ஏழாகப் பகுக்கிறது. கம்பியில் ஓடும் மின்துடிப்பு முதல் அடுக்கைச் சேர்ந்தது. ஒரே அறையிலுள்ள கருவிகளுக்கு இடையிலான பரிமாற்றம் இரண்டாவதையும், வேறு வேறு வலையமைப்புகளுக்கு இடையே வழி கண்டறிதல் மூன்றாவதையும், செய்தி முழுமையாகவும் வரிசையாகவும் சேர்ந்ததை உறுதி செய்தல் நான்காவதையும் சேர்ந்தவை. மேலுள்ள மூன்றும் பயனரின் நிரல்களை ஒட்டியவை. டி.சி.பி./ஐ.பி. நடைமுறைக்கு வந்தபின் முழு வடிவம் பெற்ற இந்த ஏழும் இணையத்தில் அப்படியே காணப்படுவதில்லை. அங்கு நான்கு அடுக்குகளே பேசப்படுகின்றன.

அடுக்குகளின் பெயர்களை வரிசையாக எழுதுவது தேர்வில் மதிப்பெண் பெறும் விடையாக இருப்பதால், மாணவர் அவ்வரிசையை ஒரு சூத்திரம்போல மனப்பாடம் செய்கிறார். ஆனால் அடுக்கு மாதிரியின் பயன், பழுது எங்கே இருக்கிறது என்ற கேள்வியைச் சிறு கேள்விகளாகப் பிரிக்க உதவுவதில்தான் உள்ளது. இணையம் வரவில்லை என்ற ஒரே முறையீட்டை எடுத்துக்கொண்டால், கம்பி செருகப்பட்ட துளையின் அருகே சிறு விளக்கு எரிகிறதா என்பது முதல் அடுக்கின் கேள்வி. தன் அறையின் கணினிகளை இணைக்கும் கருவியாகிய சுவிட்சுக்கு அப்பாலுள்ள கணினியின் வன்பொருள் முகவரி தெரிகிறதா என்பது இரண்டாம் அடுக்கின் கேள்வி. தன் வலையமைப்பின் வாயிலாகிய ரவுட்டருக்குப் பிங் போய்த் திரும்புகிறதா என்பது மூன்றாவதின் கேள்வி. எண் முகவரிக்குப் பிங் போய், பெயரைத் தட்டச்சு செய்தால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையில்தான் பிழை. கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ ஒரு படியையும் தாண்டாமல் தேடும் இந்த ஒழுங்கைப் பழகிய மாணவருக்கு, அடுக்குகளின் பெயர்கள் தாமாகவே நினைவில் நிற்கும். பெயர்களை மட்டும் பழகியவருக்கு இந்த ஒழுங்கு தானாக வந்துவிடாது.

எட்டுக் கம்பிகளின் வரிசை

பாலிடெக்னிக் ஆய்வகத்தின் முதற்பயிற்சி பெரும்பாலும் கேபிள் கிரிம்பிங், அதாவது கம்பி வடத்தின் முனையில் ஆர்.ஜே. 45 இணைப்பியைப் பொருத்துதல். கேட் 5 இ வகை வடத்தின் மேலுறையைச் சீவினால், உள்ளே இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள் தென்படும். அவற்றின் முறுக்கை அவிழ்த்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் நிரவி, முனைகளை ஒரே மட்டமாக வெட்டி, இணைப்பியின் உள்ளே இறுதிவரை தள்ளி, கிரிம்பிங் கருவியால் அழுத்துவதே செய்முறை. பின்னர் சோதனைக் கருவியில் இரு முனைகளையும் செருகினால், ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரியும்; மாணவர் அதைக் கண்டு நிறைவடைந்து, ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்.

இந்த வரிசையில் ஒரு புதிர் இருக்கிறது. ஆரஞ்சு ஜோடியும் பழுப்பு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் அமர, பச்சை ஜோடி மட்டும் பிரிந்து மூன்றாவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் நிற்கிறது. நடுவில் நீல ஜோடி புகுந்துகொள்கிறது. தொலைபேசி இணைப்பில் நடுவிலுள்ள இரு முனைகளே பயன்பட்டு வந்ததால், அவற்றை ஒரு தனி ஜோடிக்கு விட்டு, கணினித் தரவுக்கு வேறு ஜோடிகளை ஒதுக்கிய ஏற்பாட்டிலிருந்து இவ்வரிசை வந்தது. காரணம் அறியாத மாணவர் ஒருவர், ஜோடிகளைப் பிரிக்காமல் நிறம் நிறமாக அடுக்குவதே ஒழுங்கு எனக் கருதி, இரு முனைகளிலும் ஒரே மாதிரி ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்ற ஜோடி வரிசையிலேயே பொருத்திவிட்டார் என்று கொள்வோம். ஒவ்வொரு கம்பியும் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் அதே எண்ணுக்குச் செல்வதால், சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் குறையின்றி எரியும். ஆயினும் அந்த வடம் பழுதுள்ள வடமே.

ஏனெனில் கம்பிகளை முறுக்கியதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்துடிப்புகள் ஓடுகின்றன. பெறும் முனையில் இரண்டின் வேறுபாடே செய்தியாகக் கொள்ளப்படுகிறது. அருகிலுள்ள மோட்டாரோ குழல்விளக்கோ மற்றொரு ஜோடியோ ஏற்படுத்தும் இரைச்சல், முறுக்கு இருப்பதால் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது. வேறுபாட்டைக் கணக்கிடும்போது அது நீங்கிவிடுகிறது. தொலைபேசிக் கம்பிகளில் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்பதைத் தவிர்ப்பதற்காக 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற கருத்து இது. மூன்றாவது முனையும் ஆறாவது முனையும் சேர்ந்தே ஒரு செய்திப்பாதை. தவறாக அடுக்கிய வடத்தில், மூன்றாவதில் பச்சை ஜோடியின் கம்பியும் ஆறாவதில் நீல ஜோடியின் கம்பியும் நிற்பதால், ஒன்றாக முறுக்கப்படாத இரு கம்பிகள் ஜோடி சேர்கின்றன. இரைச்சல் நீங்குவதற்கு வழியில்லை. ஒரு மீட்டர் நீளத்தில் இது வெளியே தெரியாமல் இருக்கலாம். முப்பது, நாற்பது மீட்டர் நீளத்தில் இணைப்பு விட்டுவிட்டு வரும், வேகம் குறையும், கோப்புகள் பாதியில் நிற்கும்.

வலையமைப்புக் கல்வியின் மையச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வடத்தில் அடங்கியிருக்கிறது. கைத்திறன் மட்டும் உள்ளவர் சோதனை விளக்கை நம்பி, குறை சுவிட்சில் இருப்பதாகக் கூறுவார். கோட்பாடு மட்டும் படித்தவர் முறுக்கின் பயனைப் பத்தி பத்தியாக எழுதினாலும், கையிலிருக்கும் வடத்தின் நிறவரிசையைப் பார்க்கத் தோன்றாமல் நிற்பார். இரண்டும் ஒருவரிடம் சேரும்போதுதான் பழுது பிடிபடுகிறது. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கலாகாது என்ற விதியும், ஒரு வடம் நூறு மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும், இந்தக் காரணத்தை அறிந்தவருக்கு மனப்பாடமாக இல்லாமல் புரிதலாக மாறும். ஆசிரியர் இத்தகைய வடம் ஒன்றை வேண்டுமென்றே செய்து, எல்லா விளக்குகளும் எரிவதைக் காட்டிய பின், அதன் குறையைக் கண்டறியும்படி மாணவரிடம் கொடுப்பாரானால், ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவு பல விரிவுரைகளுக்கு ஈடாகும்.

முகவரியும் எல்லையும்

மாணவர் அதிகம் அஞ்சும் பகுதி துணைவலை பிரித்தல் எனப்படும் சப்நெட்டிங். ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது. அதனால் கிடைக்கும் மொத்த முகவரிகள் 429 கோடிக்குச் சற்று மேல். ஒரு முகவரியின் முற்பகுதி வலையமைப்பையும், பிற்பகுதி அதனுள்ளிருக்கும் கருவியையும் குறிக்கிறது. எதுவரை முற்பகுதி என்பதைக் காட்டுவது துணைவலை மறைப்பு, அதாவது சப்நெட் மாஸ்க். 192.168.10.0 என்று தொடங்கும் 256 முகவரிகளை ஒரு கல்லூரி தன் நான்கு ஆய்வகங்களுக்குச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் 64 முகவரிகள் வரும். முதலாவது வலையின் பெயராகவும் கடைசியானது அனைவருக்குமான அறிவிப்பு முகவரியாகவும் ஒதுக்கப்படுவதால், கருவிகளுக்கு 62 எஞ்சும். 64 என்பதைத் தரும் மறைப்பு 255.255.255.192, முழுவதும் ஒரே வலையாக இருந்தால் மறைப்பு 255.255.255.0.

தேர்வில் இது கணக்காக வருகிறது. பணியிடத்தில் இது பழுதாக வருகிறது. இரண்டாம் ஆய்வகத்தில் 192.168.10.70 என்ற முகவரியுடைய கணினிக்கு, சரியான மறைப்புக்குப் பதிலாக 255.255.255.0 கொடுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அந்தக் கணினியில் இணையம் தடையின்றி வரும். பக்கத்து இருக்கைக் கணினியோடும் தொடர்பு கிடைக்கும். முதலாம் ஆய்வகத்தில் 192.168.10.10 என்ற முகவரியிலுள்ள அச்சுப்பொறி மட்டும் அகப்படாது. இணையம் வருகிற கணினியில் பக்கத்து அறை அச்சுப்பொறி ஏன் வரவில்லை என்ற இந்த முரண்பாடு, அச்சுப்பொறியே கெட்டுவிட்டது என்ற முடிவுக்குப் பலரைக் கொண்டுபோகும்.

விடை மறைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் செய்தி அனுப்புமுன், சேர வேண்டிய முகவரி தன் எல்லைக்குள் உள்ளதா, வெளியே உள்ளதா என்று மறைப்பைக் கொண்டு தீர்மானிக்கிறது. உள்ளே என்றால் நேரடியாகவும், வெளியே என்றால் ரவுட்டர் வழியாகவும் அனுப்புகிறது. எல்லையைத் தவறாகப் பெரிதாகக் கொண்ட அக்கணினி, 10ஆம் எண் கருவியும் தன் அறையிலேயே இருப்பதாக எண்ணி, அந்த முகவரிக்குரியவர் யார் என்று தன் வலையினுள் கேட்கிறது. அந்தக் கேள்வியை ரவுட்டர் மறுபக்கத்துக்குக் கடத்துவதில்லை. பிறர் சார்பில் தானே விடையளிக்கும்படி ரவுட்டர் அமைக்கப்பட்டிருந்தாலன்றி விடை வராது. இணைய முகவரிகளோ இரு மறைப்புகளின்படியும் வெளியிலேயே இருப்பதால், அவற்றுக்கான செய்திகள் சரியாக ரவுட்டரை அடைகின்றன. இந்தப் பழுதை ஒருமுறை தானே தேடிக் கண்டுபிடித்த மாணவர், இரும எண் கணக்கை ஒருபோதும் வெற்றுக் கணக்காகக் கருதமாட்டார். கணினிக்குத் தன் எல்லை தெரிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவர் உணர்ந்திருப்பார்.

முகவரிப் பாடத்துக்கு இன்றைய காலத்தோடு இணைந்த மற்றொரு பக்கமும் உண்டு. உலக அளவில் ஒதுக்குவதற்கு இருந்த நான்காம் பதிப்பு முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் இறுதித் தொகுதியை எட்டி, ஒதுக்கீட்டைக் கட்டுப்படுத்தியது. 128 பிட் முகவரியுடைய ஆறாம் பதிப்பு இந்தியக் கைப்பேசி வலையமைப்புகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மாணவரின் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியே பெரும்பாலும் அப்பதிப்பின் முகவரியைத் தாங்கியிருக்கும் நிலையில், வகுப்பறையில் அது ஒரு சிறுவினாவாக மட்டும் நின்றுவிடுவது பொருத்தமற்றது.

முடிவின்றிச் சுழலும் செய்தி

ஒரே வடத்தின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினால் என்ன நேரும் என்ற கேள்வி, இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் உள்ள வேறுபாட்டை மிகத் தெளிவாக விளக்கும். சுவிட்ச் என்பது ஓர் அறையின் கணினிகளை இணைத்து, வன்பொருள் முகவரியைப் பார்த்துச் செய்தியை உரிய துளைக்கு அனுப்பும் கருவி. அனைவருக்குமான அறிவிப்பாக இருந்தால், வந்த துளையைத் தவிர மற்றெல்லாத் துளைகளுக்கும் அதைப் படியெடுத்து அனுப்பும். வடம் வளையமாகச் சுற்றியிருந்தால், வெளியே போன அறிவிப்பு மீண்டும் உள்ளே வந்து, மீண்டும் எல்லாத் துளைகளுக்கும் போகும். சில நொடிகளில் சுவிட்சின் விளக்குகள் அனைத்தும் இடைவிடாமல் மின்னத் தொடங்கும். அறையிலுள்ள எந்தக் கணினிக்கும் இணைப்பு இராது. அறிவிப்புப் புயல் எனப்படும் இந்நிலை, மேசைக்கு அடியில் தவறுதலாகச் செருகப்பட்ட ஒரே ஒரு வடத்தால் ஒரு கட்டடத்தையே முடக்கக்கூடியது.

மூன்றாம் அடுக்கில் பயணம் செய்யும் பாக்கெட் எனப்படும் பொதி ஒவ்வொன்றிலும் வாழ்நாள் எண் ஒன்று இருக்கிறது; ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைத்து, பூச்சியம் ஆனதும் பொதியை நீக்கிவிடும். இரண்டாம் அடுக்கின் செய்தியில் அத்தகைய எண் இல்லாததால், அது தானாக மறைவதில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்த பரவுமர நெறிமுறை இந்தக் குறைக்கான தீர்வு: சுவிட்சுகள் தமக்குள் பேசி, வளையமில்லாத ஒரு மரவடிவப் பாதையைத் தேர்ந்து, மிகையான வழிகளைத் தற்காலிகமாக மூடிவைக்கின்றன. ஆய்வக வலையைக் கல்லூரியின் பொது வலையிலிருந்து பிரித்து, நெறிமுறையை நிறுத்திப் புயலைக் காட்டி, பின்னர் அதை இயக்கிப் புயல் அடங்குவதைக் காட்டுவது, சில நிமிடங்களில் முடியக்கூடிய, ஆனால் மறக்க முடியாத செய்முறையாகும்.

ஆய்வகமும் உருவகமும்

இன்று பல கல்லூரிகளில் பாக்கெட் டிரேசர் போன்ற உருவக மென்பொருள்கள் பயன்படுகின்றன. விலைமிகுந்த ரவுட்டர்களை வாங்க இயலாத கல்லூரியின் மாணவரும், கணினித் திரையில் பத்து ரவுட்டர்களை இணைத்து, ஒரு பொதி எந்த வழியில் போகிறது என்று படிப்படியாகப் பார்க்க முடிவது பெரும் நன்மை. ஆனால் உருவகத்தில் வடத்தின் முறுக்கு அவிழ்வதில்லை, இணைப்பி தளர்வதில்லை, வெயிலில் சுவிட்ச் சூடேறி நிற்பதில்லை. உருவகம் நெறிமுறைகளைக் கற்பிக்கும். பொருள்களின் இயல்பைக் கற்பிக்காது. இரண்டுக்கும் உரிய இடத்தைப் பாடத்திட்டம் பிரித்தறிய வேண்டும். பழைய சுவிட்சுகள் நான்கும், ஒரு கட்டு வடமும், ஓய்வு பெற்ற சில கணினிகளும் இருந்தால் போதும். மேலே சொன்ன மூன்று பழுதுகளையும் எந்தக் கல்லூரியும் உருவாக்கிக் காட்டலாம்.

உருவகத்துக்கும் உண்மைக்கும் இடையில் பாலமாக நிற்பது வயர்ஷார்க் என்னும் கட்டற்ற மென்பொருள். 1998இல் வேறு பெயரில் வெளிவந்து 2006இல் இப்பெயர் பெற்ற இது, கணினியின் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பொதியையும் பிடித்து, அதன் அடுக்குகளைத் திரையில் விரித்துக் காட்டும். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, தொடர்பு கேட்கும் செய்தி, அதை ஏற்கும் செய்தி, ஏற்பை உறுதிசெய்யும் செய்தி என மூன்றும் அடுத்தடுத்து வருவதை மாணவர் தம் கண்ணால் காணலாம். தொலைவிலுள்ள கணினியை இயக்கப் பயன்படும், குறியாக்கம் இல்லாத டெல்நெட் தொடர்பில் கடவுச்சொல் எழுத்தெழுத்தாக வெளிப்படுவதையும் காணலாம். பாதுகாப்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வலிய விளக்கம் இல்லை. அதே வேளையில், பிறரது கணினியிலோ வலையமைப்பிலோ அனுமதியின்றி நுழைவதும் தரவை எடுப்பதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியவை என்பதையும், கருவியின் ஆற்றலோடு பொறுப்பும் வருகிறது என்பதையும் அக்கருவியை அறிமுகப்படுத்தும் முதல் வகுப்பிலேயே ஆசிரியர் சொல்லிவைக்க வேண்டும்.

மொழியும் சிந்தனையும்

பாலிடெக்னிக் மாணவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர்கள். கணினித் துறைப் பாடங்களின் நூல்களும் வினாத்தாள்களும் பெரிதும் ஆங்கிலத்தைச் சார்ந்தவை. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் பழக்கத்துக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ் வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் மட்டுமே அதில் இடம்பெற்றன. எனினும் கணினிக் கல்வியில் சொல்வளம் இல்லை என்று கூறிவிட முடியாது; மேல்நிலைப் பள்ளிக் கணினிப் பாடநூல்களில் வலையமைப்பு, நெறிமுறை, அடுக்கு போன்ற சொற்கள் நிலைபெற்றுவிட்டன.

இங்குத் தேவைப்படுவது சொல்லுக்குச் சொல் மாற்றும் முயற்சியைக் காட்டிலும், காரணத்தைத் தமிழில் விவாதிக்கும் வழக்கமே. ரவுட்டர், சுவிட்ச், கேபிள் போன்ற கருவிப் பெயர்கள் பணியிடத்தில் வழங்குகிறபடியே இருக்கலாம். ஆனால் எது உள்ளே, எது வெளியே, எது முதலில் நிகழ்கிறது, எது நிகழாமல் போனால் என்ன ஆகும் என்ற தருக்கம், மாணவர் சிந்திக்கும் மொழியில் நடைபெற வேண்டும். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் மாணவர் தம் பழுதுதேடலைத் தமிழில் விளக்க இடமளித்தால், அவர் அறிந்திருப்பது எவ்வளவு, ஒப்பிப்பது எவ்வளவு என்பது ஆசிரியருக்கும் விளங்கும். ஆங்கிலக் கலைச்சொற்களும் அறிக்கை எழுதும் திறனும் பணிக்குத் தேவையானவை; அவை புரிதலின் மேல் எழும்பும்போதே நிலைக்கும்.

கல்லூரிக்கு வெளியே

இக்கல்வி யாருக்காக என்ற கேள்விக்கு நாட்டின் கண்ணாடி இழைத் திட்டங்கள் விடை தருகின்றன. 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற திட்டம், நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இழையால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணிக்கென டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. இழை ஊராட்சி அலுவலகத்தை எட்டுவதோடு வேலை முடிவதில்லை. சாலைப் பணியில் அறுந்த இழை எந்தக் கிலோமீட்டரில் அறுந்தது என்று ஒளித்துடிப்பை அனுப்பி அளந்து, தலைமுடி அளவான இழைகளை உருக்கி ஒட்டி, சுவிட்சை மீண்டும் இயக்கி, பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்பை மீட்டுத்தரும் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் பட்டயம் பெற்ற, அவ்வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருப்பதே இயல்பு. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் பட்டயப் படிப்பையும் உள்ளடக்கியிருப்பது, இத்துறைக்குப் பெண்கள் வருவதற்கும் துணைசெய்யக்கூடியது.

தேர்வின் வடிவம்

கல்வி எதை மதிப்பிடுகிறதோ அதையே மாணவர் கற்கிறார். வலையமைப்புச் செய்முறைத் தேர்வில் இப்போது வழக்கமாகக் கேட்கப்படுவது, பழுதில்லாத பொருள்களைக் கொண்டு இயங்கும் ஓர் இணைப்பை உருவாக்குவது. அதனோடு, பழுதுள்ள ஒரு சிறு வலையமைப்பைக் கொடுத்து, அதன் குறையை வரையறுத்த நேரத்தில் கண்டறியச் செய்வதும் சேர வேண்டும். விடை சரியா என்பதற்கு ஒரு பங்கு மதிப்பெண்ணும், தேடிய வழி ஒழுங்கானதா என்பதற்கு அதைவிடக் கூடுதல் பங்கும் வழங்கலாம். ரெக்கார்டு நோட்டிலும், நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்ற நான்கு தலைப்புகளோடு, நேர்ந்த பிழை, ஐயுற்ற காரணம், அதைச் சோதித்த முறை, கண்ட உண்மை என்ற நான்கையும் சேர்த்து எழுதச் செய்யலாம். இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. பழுதை மறைக்க வேண்டிய தோல்வியாகக் கருதாமல், கற்றலின் தொடக்கமாகக் கருதும் மனநிலை ஆசிரியரிடமும் தேர்வாளரிடமும் இருந்தால் போதும்.

எட்டு விளக்குகளும் எரிகிற, ஆனால் பச்சைக் கம்பியும் நீலக் கம்பியும் தவறான இடத்தில் நிற்கிற அந்த வடத்தை ஒரு தேர்வு மேசையின் மேல் வைத்துப் பார்க்கலாம். அதைக் கையிலெடுக்கும் மாணவர், விளக்குகளைப் பார்த்ததோடு நிறுத்தாமல், இணைப்பியின் தெளிந்த உறையினூடே நிறங்களை ஒவ்வொன்றாக எண்ணி, மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியா என்று தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாரானால், அந்தக் கல்லூரி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.